காய்ச்சலோடு சொல்ல மறந்துவிடும் விடயம்: உண்ணியும் நம் காட்டுப் பயணங்களும்

சித்தப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி அன்று எட்டாவது நாள். முதல் மூன்று நாளும் வெள்ளவத்தை வீட்டில் பனடோலும் கொத்தமல்லித் தண்ணீருமாகப் போயின. நான்காம் நாள் இரத்தம் எடுத்தோம். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் தேடுவோம், அதில் பிழை எதுவும் இல்லை. டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் பிளேட்லெட் குறைந்திருந்தது. காட்டிய இடத்தில் ஓர் அன்டிபயோடிக் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நாள் குடித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. தலையைத் தூக்க முடியாத வலி, உடம்பெல்லாம் உளைவு.

எட்டாம் நாள் வேறோர் இடத்துக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த இளம் வைத்தியர் அறிக்கைகளைப் பார்த்து முடித்துவிட்டு, "ஐயா, இந்த ரெண்டு மூன்று கிழமைக்குள்ள காட்டுப் பக்கம் எங்கேயாவது போனீங்களா?" என்று கேட்டார். சித்தப்பா இல்லை என்று தலையாட்டினார். சித்திதான் பதில் சொன்னார்: "காட்டுக்கு எங்கே டொக்டர், கதிர்காமத்துக்கு நடந்து போனவர், அவ்வளவுதான்."

வைத்தியர் உடனே எழுந்து வந்து அவருடைய கக்கம், முழங்காலின் பின்பக்கம், தொடை இடுக்கு எல்லாம் பார்த்தார். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பு மடிப்பில் அது இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் இலேசான சிவப்பு. வலியே இல்லாததால் அது இருப்பது சித்தப்பாவுக்கே தெரியாது. அன்று பின்னேரமே டொக்சிசைக்ளின் என்ற மாத்திரை தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காலை அவர் எழுந்திருந்து பத்திரிகை கேட்டார்.

சித்தி சொன்ன அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். உகந்தை முருகன் கோயிலில் இருந்து குமண, யால வழியாகப் பல நாட்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்து, இரவில் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, ஆற்றங்கரைப் புல்லில் துணி உலர்த்திப் போகிற பயணம் அது. இலங்கையில் ஒரு சாதாரண மனிதர் இதைவிட நீளமாகக் காட்டோடு ஒட்டி இருக்கும் சந்தர்ப்பம் அரிது. ஆனாலும் நமக்கு அது காடு இல்லை, கோயில். வைத்தியர் "காட்டுக்குப் போனீர்களா" என்று கேட்டால் நம் நினைவுக்கு அது வருவதே இல்லை.

யாத்திரை மட்டுமல்ல. விடுமுறைக்கு ஊருக்குப் போய், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வளவில் பற்றை வெட்டித் துப்புரவாக்கியதையும் யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை. நண்பர்களோடு நக்கிள்ஸ் மலைக்கு ஏறியது, ஹந்தானையில் தொடங்கும் பீகோ ட்ரெயில் என்ற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதையில் ஒரு துண்டு நடந்தது, சிங்கராஜாவில் ஒரு நாள், பிள்ளைகளோடு ஏதோ ஒரு குளத்தடியில் கூடாரம் அடித்தது, இவையெல்லாம் கொழும்புக்குத் திரும்பிய மறுநாளே படங்களாக மட்டும் மிஞ்சிவிடுகின்றன. காய்ச்சலோ ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துத்தான் வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த முடிச்சுக்காகத்தான்.

பெயர்களில் இருக்கும் குழப்பம்

இந்த நோயைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு வந்தது, நாம் நாயிலும் மாட்டிலும் பார்க்கிற உண்ணியால் வந்ததே அல்ல. அது மைட் என்ற, அதைவிட மிகச் சிறிய உயிரியின் குஞ்சால் வருவது. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பற்றைக்காட்டிலும் உயர்ந்த புல்லிலும் எலிகள் நடமாடும் இடத்தில் இருக்கும். ஒரியன்டியா சுட்சுகமூஷி என்ற பக்டீரியாவை உடம்பில் ஏற்றிவிடும். ஆங்கிலேயர் இதைப் பற்றைக்காட்டு டைபஸ் என்ற பொருளில் அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே காடுகளில் பயிற்சி பெற்ற படையினர் பலர் இந்தக் காய்ச்சலால் விழுந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உண்மையான உண்ணியால் வருவது. ரிக்கெட்சியா வகை பக்டீரியாக்கள்தான் காரணம். உடம்பில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு வரும் என்பதால் புள்ளிக் காய்ச்சல் வகை என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். நம் மலைநாட்டில் இது நன்கு அறியப்பட்டது. மூன்றாவது, எலியில் இருக்கும் தெள்ளினால் வருவது. அது காட்டுக்குப் போகாமலே வரக்கூடியது.

இந்த மூன்றையும் சேர்த்து டைபஸ் என்பார்கள். இங்கேதான் அடுத்த குழப்பம். டைபஸ் வேறு, டைபொயிட் வேறு. நாம் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லும் டைபொயிட், அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. பெயர் ஒலிப்பதில் உள்ள ஒற்றுமையால் "அவருக்கு டைபொயிட் போல" என்று வீட்டில் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். இது வெறும் சொல் பிழையோடு நிற்பதில்லை. நெருப்புக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செப்ட்ரியாக்சோன் ஊசி உண்ணிக் காய்ச்சலைத் தொடாது. அமொக்சிசிலினும் தொடாது. ரிக்கெட்சியாவும் ஒரியன்டியாவும் நம் உடற்கலங்களுக்கு உள்ளே புகுந்து வாழ்பவை. அந்த மருந்துகள் அவற்றை அங்கே போய்ப் பிடிப்பதில்லை. டொக்சிசைக்ளின் கலத்துக்குள் நுழைந்து வேலை செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மருந்து தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். அப்படி இறங்குவதையே வைத்தியர்கள் ஒரு சான்றாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ரிக்கெட்சியா என்ற பெயர் ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளருடையது. மலைப்பகுதி மக்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு புள்ளிக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906இல் காட்டியவர் அவர். நான்கு வருடம் கழித்து மெக்சிகோவில் டைபஸை ஆராயப் போன இடத்தில் அதே நோய் தொற்றி இறந்துபோனார். அவர் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

உண்ணி நம் மேல் ஏறும் விதம்

உண்ணி மரத்தில் இருந்து குதிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது குதிக்காது, பறக்காது. பூச்சியினமும் அல்ல, சிலந்தியின் உறவு. குஞ்சுக்கு ஆறு கால், அடுத்த பருவத்தில் இருந்து எட்டுக் கால். புல் நுனியிலோ இலை விளிம்பிலோ ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் விரித்துக் காத்திருக்கும். அந்த முன்கால்களில் ஒரு நுண்ணிய உறுப்பு இருக்கிறது. நாம் விடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு, உடம்புச் சூடு, வியர்வை மணம் எல்லாவற்றையும் அதால் உணர முடியும். நம் காலோ சாரமோ உரசிப் போகும் நொடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேலே மேலே நகர்ந்து, தோல் மெல்லிசாகவும் ஈரமாகவும் இருக்கும் மடிப்பைத் தேடும். கக்கம், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம், பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பு, பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்.

கடித்தால் ஏன் தெரிவதில்லை? அதன் எச்சிலில் வலியை அடக்கும் பொருளும் இரத்தம் உறையாமல் பார்க்கும் பொருளும் இருக்கின்றன. பல வகை உண்ணிகள் சீமெந்து போல ஒன்றைச் சுரந்து வாயைத் தோலோடு ஒட்டியும் விடுகின்றன. நுளம்பு சில நிமிடத்துக்குள் குடித்துவிட்டுப் போய்விடும். உண்ணி நாள்கணக்கில் இருந்து குடிக்கும். அட்டை கடித்தால் இரத்தம் வடிந்து காட்டிக்கொடுத்துவிடும், உண்ணி அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட உண்ணி வகைகள் பதிவாகியிருக்கின்றன. மனிதரில் அடிக்கடி ஏறுபவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றியில் வளரும் டெர்மசென்டர் ஓராட்டஸ் ஒன்று. பன்றி நடக்கும் தடத்தில், தோட்டத்து ஓரத்தில், ஆற்றங்கரையில் அதன் இளம் பருவம் நம்மில் ஏறும். மற்றது அம்ப்ளியோமா இன்டெக்ரம். மரை, எருமை போன்ற பெரிய விலங்குகளில் வளர்வது. இதன் இளம் பருவத்துக்கு மனிதருடைய காதுக்குள் போகும் ஒரு பழக்கம் உண்டு. காதுக்குள் உண்ணியோடு வருபவர்களைப் பேராதனை போன்ற இடங்களில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் வழக்கமாகவே பார்க்கிறார்கள். உலக மருத்துவ இலக்கியத்தில் இது அரிதான சங்கதி, நமக்கு அப்படி இல்லை. காதுக்குள் ஏதோ நடப்பது போன்ற சத்தம், அப்புறம் தாங்க முடியாத வலி. அரிதாக முகத்தின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழந்ததும் பதிவாகியிருக்கிறது. தீக்குச்சியோ ஊசியோ போட்டுக் கிண்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விடயம் இது. செவிப்பறையில் பிடித்திருக்கும் உண்ணியைக் கண்ணால் பார்த்து எடுக்கத் தகுந்த கருவி வேண்டும்.

கொழும்புக்குள்ளேயே எப்படி என்று கேட்பீர்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், 2018இல் உலகின் முதலாவது ஈரநில நகரங்கள் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு பூங்கா, தலங்கம வாவி, பெல்லன்வில அத்திடிய என்று இந்த நகரத்தில் மூச்சு விட இடம் இருப்பதே நமக்குப் பெரிய கொடை. மரப்பலகைப் பாதையில் நடந்து பறவை பார்த்து வருவதால் உண்ணி வந்துவிடும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. பாதையை விட்டு இறங்கி, எருமையும் தெருநாயும் படுத்தெழும்பும் உயர்ந்த புல்லுக்குள் படம் எடுக்கப் போகிறபோதுதான் கணக்கு மாறுகிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரஞ்சன் பிரேமரத்னவும் குழுவினரும் பல வருடங்களாகச் செய்த ஆய்வுகள், மேல் மாகாணத்து மக்களிடமும் இந்த நோய்கள் இருப்பதைக் காட்டியிருக்கின்றன. பற்றைக்காட்டு டைபஸால் திடீரெனக் காது கேளாமல் போவதை மருத்துவ உலகுக்கு நினைவூட்டியதும் அந்தக் குழுதான்.

டெங்குவின் நிழலில்

2017இல் இந்த நாட்டில் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடத்தை அனுபவித்த எந்தக் குடும்பமும் காய்ச்சலைக் கண்டால் டெங்குவை நினைக்காமல் இராது. நினைக்கவும் வேண்டும். முதல் நாட்களில் உண்ணிக் காய்ச்சலும் டெங்குவும் ஒரே முகத்தோடு வரும். திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கண்ணுக்குப் பின்னால் நோவு, மூட்டு உளைவு, வாந்தி. பிளேட்லெட் இரண்டிலும் இறங்கலாம். ஈரல் பரிசோதனை முடிவு இரண்டிலும் வழமைக்கு மாறாக வரலாம். எனவே வீட்டிலே இது அது என்று தீர்மானிக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின், ஐபுபுரோபன் வேண்டாம் என்ற டெங்குக்கால ஒழுங்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

வேறுபாடு தெரியத் தொடங்குவது நாள் செல்லச் செல்லத்தான். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் மருந்து இல்லாவிட்டால் அதற்கு மேலும் இழுக்கும். டெங்குப் பரிசோதனை இல்லை என்கிறது, காய்ச்சலோ ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் அந்த இடத்தில் வேறொரு கேள்வி பிறக்க வேண்டும். புள்ளிக் காய்ச்சலில் தடிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரலாம், மற்றத் தடிப்புகள் அங்கே வருவது குறைவு. மலைநாட்டு நோயாளிகளில் மூட்டு வீங்கி நடக்கவே முடியாமல் போவதையும், நோய் முற்றியபோது தோலில் பன்னத்தின் இலை போன்ற கறுத்த தழும்புகள் தோன்றுவதையும் பேராதனை வைத்தியர்கள் விவரித்திருக்கிறார்கள். கறுத்த பொருக்கு பற்றைக்காட்டு டைபஸில் அடிக்கடி கிடைக்கும். நம் நாட்டுப் புள்ளிக் காய்ச்சலில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

தாமதித்தால் என்ன ஆகும்? நுரையீரல், சிறுநீரகம், இதயத்தசை, மூளை என்று எதையும் தாக்கலாம். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உரிய நேரத்தில் தொடங்கினால் மலிவான, எந்த அரச ஆஸ்பத்திரியிலும் இருக்கக்கூடிய ஒரு மாத்திரையால் மாறிவிடும் நோய் இது. அதனால்தான் இந்தத் தாமதம் எனக்கு இத்தனை வேதனையைத் தருகிறது.

உறுதிப்படுத்தும் பரிசோதனை பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கிறது. உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் முறை. எதிர்ப்பொருள் எழும்பவே ஒரு கிழமை போல ஆகும். சில வேளை இரண்டு தரம் இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். ஆகவே வைத்தியர்கள் முடிவுக்குக் காத்திருப்பதில்லை, சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் எங்கிருந்து பிறக்கும்? நோயாளி சொல்லும் கதையில் இருந்துதான். டைபஸ் என்பது இலங்கையில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் அதற்கென்று ஒரு நிரலே உண்டு. அதைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் எண்ணிக்கை அடிக்கடி மேலே நிற்பது தெரியும், குறிப்பாக மாரியை ஒட்டிய மாதங்களில். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருகிற கொழும்புத் தமிழர் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

கனடாவில் இருந்து வரும் எச்சரிக்கை

உண்ணி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது லைம் நோய், உண்ணி பரப்பும் இன்னொரு பக்டீரியா நோய். ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள் ஒவ்வொரு கோடைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதைப் பற்றித்தான். அவர் நடக்கப் போகும் ரூஜ் பள்ளத்தாக்கில் அதைப் பரப்பும் கறுத்தக்கால் உண்ணி இருக்கிறது, அங்கே அந்த எச்சரிக்கை முழுக்க நியாயம். அங்கே சொல்லிக்கொடுப்பது இது: அம்பு எய்யும் இலக்கு போல வளைய வளையமாகச் சிவப்பு வந்தால் கவனி, உண்ணி ஒரு நாளைக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் நோய் தொற்றும்.

இந்த இரண்டையும் அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கக் கூடாது. நம் காடுகளில் நாம் முதலில் யோசிக்க வேண்டியது லைமை அல்ல. ரிக்கெட்சியாவைக் கடத்த உண்ணிக்கு ஒரு நாள் தேவையில்லை, சில மணித்தியாலங்கள் போதும். "வளையம் இல்லைத்தானே, பயமில்லை" என்று இருந்துவிடுவது இங்கே ஆபத்தான ஆறுதல். மறுபக்கம், தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் குரங்குக் காய்ச்சல் என்ற வைரசு நோய் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் உண்ணிதான் பரப்புகிறது. அந்தப் பக்கம் மலையேறப் போகிறவர்கள் உள்ளூர்ச் சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும்.

லைம் நோயின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1975இல் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில், தம் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரே மாதிரி மூட்டு வீங்குவதைக் கவனித்து, விடாமல் முறையிட்டவர்கள் இரண்டு தாய்மார். பக்டீரியாவை வில்லி பர்க்டோர்பர் உண்ணிக்குள் கண்டது சில வருடங்கள் கழித்துத்தான். வீட்டில் இருப்பவர்கள் கண்டதைச் சொன்னபடியால் மருத்துவம் ஓர் அடி முன்னே போனது.

கழற்றும் முறை

உண்ணி ஒட்டியிருந்தால் நம் வீடுகளில் செய்வது என்ன? மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தைலம், தீக்குச்சிச் சூடு. இவை எல்லாமே உண்ணியை வருத்தும், கழற்றாது. வருந்துகிற உண்ணி தன் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் காயத்துக்குள் கக்கிவிடலாம். கூர்முனையுள்ள சாமணம் ஒன்று போதும். வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டினாற்போல் அதன் வாய்ப் பகுதியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அது விடும். வாயின் ஒரு துணுக்கு உள்ளே நின்றுவிட்டால் தோண்ட வேண்டாம், தோல் தானே தள்ளிவிடும். இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவி ஸ்பிரிட் தடவுங்கள்.

கழற்றியதை நகத்துக்கிடையில் வைத்து நசுக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. நாய்க்கு உண்ணி எடுக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நசுங்கிய உண்ணியில் இருந்து வரும் நீர், விரலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண்ணைக் கசக்கும்போதோ நோயை ஏற்றலாம். சிறு போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி அதற்குள் போட்டு, திகதியும் இடமும் எழுதி வைத்தால் பிறகு வைத்தியருக்குக் காட்டவும் உதவும்.

நாயைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நாய் வளர்ப்பவர்களுக்கு டிக் பீவர் என்ற சொல் நன்றாகப் பழக்கம். நாய்க்கு வரும் அந்தக் காய்ச்சல்களின் கிருமிகள் பெரும்பாலும் வேறு, பேபீசியா, எர்லிக்கியா போன்றவை. ஆனால் கபில நிற நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகியது. சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். உலகின் பல இடங்களில் மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சலைக் கொடுப்பதும் இதே வகைதான். நாய்க்கு ஒழுங்காக மருந்து போடுவது நாய்க்கு மட்டுமான நன்மை அல்ல. காட்டு நடைக்கு நாயையும் கூட்டிப் போனால், வீட்டு வாசலில் வைத்தே அதன் காதுமடலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

தடுப்பு என்று வந்தால் சொல்ல அதிகம் இல்லை, செய்வதுதான் பாடு. வெளிர் நிறத்தில் நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விட்டால் ஏறி வரும் உண்ணி கண்ணில் படும். சிங்கராஜாவுக்குப் போகும்போது அணியும் அட்டைக் காலுறை இதற்கும் உதவும். நுளம்புக்குப் பூசும் மருந்தில் டீட் (DEET) என்ற விரட்டிப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள், வாசனைத் தைலத்தை மட்டும் நம்பி இராதீர்கள். புல்லில் நேராக உட்காராமல் ஏதாவது விரித்து உட்காருங்கள், கழற்றிய உடுப்பைப் பற்றையில் போடாதீர்கள். வறண்ட காலத்தில் யால பக்கம் நடந்தால் கடுகு போன்ற உண்ணிக் குஞ்சுகள் ஒரே தரத்தில் கூட்டமாக ஏறிவிடும். அப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைவிட ஒட்டும் டேப்பை அழுத்தி எடுப்பது சுலபம். அன்றன்றைக்கே சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பது மைட் குஞ்சுகளுக்கு எதிராக நம் கையில் உள்ள நல்ல வழி. துவாயால் துடைக்கும்போதே மடிப்புகளை விரலால் தடவிப் பாருங்கள், தெரியாத முதுகுப்புறத்தை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். போட்டிருந்த உடுப்பைக் கட்டிலில் எறியாமல் நேரே சுடுதண்ணீருக்கு அனுப்புங்கள்.

உண்ணி கடித்துவிட்டது என்பதற்காக மட்டும் மாத்திரை வாங்கிக் குடிக்க வேண்டாம். பெரும்பாலான கடிகள் ஒரு சிறு அரிப்போடு முடிந்துவிடும். காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: "இன்ன திகதியில் இன்ன இடத்தில் இருந்தேன், பற்றைக்குள் இறங்கினேன், உண்ணி ஒன்று எடுத்தேன்." கர்ப்பிணியென்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

சித்தப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்று, அவர் புறக்கோட்டைக் கடைக்குப் போகத் தொடங்கி ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. இந்த ஆடிக்கு மறுபடி நடக்கப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் மனமில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார். பையில் சித்தி சாமணமும் சின்னப் போத்தலும் நீளக் காலுறை இரண்டு சோடியும் வைத்திருக்கிறார். அவர் திரும்பி வரும் திகதியைச் சமையலறைக் கலண்டரில் வட்டமிட்டு, அதில் இருந்து மூன்று கிழமை தள்ளி இன்னொரு வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.